வாங்கிய உலர் பாறையை நேராகத் தொட்டியில் போடலாமா?

கேள்வி: முதல் முறையாகக் கடல்நீர் மீன் தொட்டி வைக்கிறேன், 200 லிட்டர். லைவ் ராக் (பாக்டீரியாவும் கடல் உயிரிகளும் வாழும் பாறை) விலை கட்டுப்படியாகாததால் உலர் பாறை 25 கிலோ வாங்கினேன். பெட்டியில் ‘சுத்தம் செய்யப்பட்டது, உடனே பயன்படுத்தலாம்’ என்று அச்சடித்திருக்கிறது. குழாயில் ஒரு தடவை அலசினால் போதும் என்றார் கடைக்காரர். ஆனால் சில கற்களின் குழிகளில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஒரு நண்பர் கொதிக்க வை என்கிறார், இன்னொருவர் ஆசிடில் போடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் ஒன்று. தயவுசெய்து கொதிக்க வைக்காதீர்கள். கடலிலிருந்து எடுத்துக் காயவைத்த கல்லில் ஜோவாந்திட் வகைப் பவள உயிரிகளின் எச்சம் இருக்கலாம். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிநீரின் சூட்டில் அது அழிவதில்லை, ஆவியோடு சேர்ந்து மூச்சில் ஏறிவிடும். தொட்டிக் கல்லைச் சமையலறையில் வேகவைத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. 2012 முதல் 2014 வரை அமெரிக்காவின் அலாஸ்காவில் மீன் கடைகளிலும் வீடுகளிலும் இந்த உயிரிகளால் பலர் மூச்சுத் திணறலும் இருமலும் காய்ச்சலுமாய் அவதிப்பட்டது அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் பதிவில் இருக்கிறது. காய்ந்த கல்லைப் பார்த்து அதில் முன்பு எது வளர்ந்தது என்று நம்மால் சொல்ல முடியாது. அதனால் அடுப்பு வேண்டவே வேண்டாம். கல்லைத் தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், ஈரமாக வைத்தே தேயுங்கள்.

இனி அந்தப் பழுப்பு. உலர் பாறை என்ற ஒரே பெயரில் மூன்று வகைக் கல் விற்கிறார்கள். பழங்காலப் பவளத் திட்டு நிலமாகிப்போன இடங்களில் வெட்டியெடுப்பது ஒன்று. அதில் உயிர்ப்பொருள் அநேகமாக இருக்காது, மண்ணும் தூசியும்தான். சுண்ணாம்புப் பொடியும் சிமென்டும் கலந்து வார்த்தது இன்னொன்று. மூன்றாவது, ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்து, வெளியே எடுத்து வெயிலில் காய்ந்தது. உங்களுடையது இந்த மூன்றாவது வகை போலத் தெரிகிறது. குழிகளில் ஒட்டியிருப்பது கடற்பஞ்சும் புழுவும் பாசியும் காய்ந்த மிச்சம்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். மோசமாகத் தெரியும் கல் ஒன்றை ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். துளைகளிலிருந்து காற்று ‘உஸ்’ என்று குமிழியிட்டு வரும். நல்ல துளைக்கல் என்றால் அரை மணி நேரம்கூட விடாமல் வரும். மூடி வைத்துவிட்டு மறுநாள் திறந்து முகர்ந்து பாருங்கள். மண் வாசனை என்றால் பயமில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, பழுப்பு ஒட்டல் ஊறி கொழகொழவென்று விரலில் வந்தாலோ, பெட்டியில் அச்சடித்திருப்பதை மறந்துவிடுங்கள். அந்தக் கல்லைத் தொட்டியில் போட்டால் அழுகல் முழுவதும் அம்மோனியாவாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் இறங்கும்.

அம்மோனியா சில வாரத்தில் பாக்டீரியாவால் தீரும். பாஸ்பேட் அப்படியில்லை. இந்தக் கற்கள் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. சுண்ணாம்பின் மேற்பரப்பு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள தண்ணீரில் அளவு குறைந்ததும் மெல்ல வெளியே விடும். மாதக் கணக்கில் விடும். எனக்கு இது நேர்ந்திருக்கிறது. அலசினால் போதும் என்ற பேச்சை நம்பி ஒரு தொட்டியை ஒரே வாரத்தில் நிரப்பினேன். இரண்டாம் மாதம் கல் முழுக்கத் தலைமுடி போலப் பச்சைப் பாசி. பாஸ்பேட் பார்த்தால் டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டியது, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நம்பினேன். கல் விடுவதையெல்லாம் பாசி அப்போதைக்கப்போதே தின்றுகொண்டிருந்தது, அதனால்தான் தண்ணீரில் மிச்சமில்லை. கடைசியில் அடுக்கி ஒட்டிய கற்களைப் பெயர்த்து எடுத்துத்தான் தீர்வு கண்டேன். அதிலிருந்து, கல்லைத் தொட்டிக்கு வெளியே தயார் செய்யாமல் யாருக்கும் தொட்டி வைத்துக் கொடுப்பதில்லை.

எப்படித் தயார் செய்வது? கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சிக் குழிகளைக் கழுவுங்கள். பிறகு பெரிய பிளாஸ்டிக் டப்பில், 10 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு வீட்டுப் பிளீச் திரவம் கலந்து கல்லை மூழ்க வையுங்கள். மணம் சேர்த்ததும், நுரைக்கும் சோப்பு கலந்ததும், கெட்டியாக வழியும் வகையும் வேண்டாம்; லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட், தண்ணீர் தவிர வேறு ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஊறட்டும், நடுவில் ஒரு தடவை புதுக் கரைசல் மாற்றுங்கள். உயிர்ப்பொருளை அரித்துக் கரைப்பதில் பிளீச்சுக்கு இணையில்லை. அப்புறம் நன்றாக அலசி, குளோரின் நீக்கியான சோடியம் தயோசல்பேட் கலந்த தண்ணீரில் ஒரு நாள் போட்டு, வெயிலில் நன்கு காயவிடுங்கள். பிளீச் வாடை துளியும் இல்லாமல் போகும்வரை காயட்டும்.

ஆசிட் என்ன செய்யும்? ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்பையே கரைத்து, கார்பன் டை ஆக்சைடாகப் பொங்க வைக்கும். பாஸ்பேட் ஒட்டியிருக்கும் மேல்தோல் போய்விடும், அடைபட்ட துளைகள் திறக்கும். பலன் உண்டுதான். ஆனால் கரைந்து போவது நீங்கள் எடை போட்டுக் காசு கொடுத்த கல். கையாளுவதும் ஆபத்து. பழைய தொட்டியிலிருந்து வந்த, பாஸ்பேட் ஊறிப்போன கல்லுக்குத்தான் நான் ஆசிட் பக்கம் போவேன், அதுவும் திறந்தவெளியில், தண்ணீரில் ஆசிடை ஊற்றி. ஆசிடில் தண்ணீரை ஊற்றவே கூடாது. பிளீச்சில் ஊறிய கல்லை முழுக்க அலசிக் குளோரின் நீக்காமல் ஆசிடில் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைச் சுட்டுவிடும். இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருக்கவே வேண்டாம். முதல் தொட்டிக்காரருக்கு என் யோசனை, பிளீச்சோடு நிறுத்துங்கள்.

காய்ந்த கல்லை மூடி போட்ட டப்பில், ஆர்.ஓ. தண்ணீரில் கலந்த உப்புநீரில் வையுங்கள். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, சூடு 25 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். தண்ணீரைச் சுழற்ற ஒரு பவர்ஹெட் (தண்ணீருக்குள் வைக்கும் சிறு பம்ப்) போதும். விளக்கு கூடாது, இருட்டில் பாசி வராது. அதனால் டெஸ்ட் கிட் காட்டும் பாஸ்பேட் உண்மையான அளவாக இருக்கும். வாரம் ஒரு தடவை பாருங்கள். தண்ணீர் மாற்றிய மறுநாள் குறைவாகக் காட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், கல் இன்னும் விட ஆரம்பித்திருக்காது. ஒரு வாரம் விட்டுப் பார்த்தும் 0.1 பிபிஎம்-க்குக் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே நின்றால் கல் தயார். இறங்காமல் அடம்பிடித்தால் லாந்தனம் குளோரைடு சில சொட்டு விடலாம். பாஸ்பேட்டைப் பிடித்து வெண்படிவாக இறக்கிவிடும், பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் இதைச் செய்யாதீர்கள்.

அம்மோனியாவைத் தீர்க்கும் பாக்டீரியாவையும் இதே டப்பில் வளர்த்துவிடலாம். பாட்டில் பாக்டீரியா வாங்கினால் காலாவதித் தேதியையும், கடையில் வெயில் படாமல் வைத்திருந்தார்களா என்பதையும் பாருங்கள். அம்மோனியம் குளோரைடு விட்டு அம்மோனியாவை 2 பிபிஎம்-க்குக் கொண்டுவாருங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் ஏறினால் கல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இந்த நிலைக்கு வரப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

கேள்வி: ஒரு லிட்டருக்கு எவ்வளவு கிலோ கல் வாங்கவேண்டும்? ஒவ்வொரு கடையும் ஒவ்வொன்று சொல்கிறது.

பதில்: லிட்டருக்கு 120 முதல் 240 கிராம் என்பது பழைய கணக்கு. அது லைவ் ராக்கை மனதில் வைத்துச் சொன்னது. கல்லை எடைக்கு விற்கிறார்கள், நமக்கு வேண்டியதோ பரப்பும் துளையும். கனமான, வழவழப்பான கல் 10 கிலோ இரண்டே துண்டாக வரும். துளைக்கல் அதே எடைக்குத் தொட்டியை நிறைத்துவிடும். எனவே லேசான கல்லையே தேடுங்கள், கீழ் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். மீன் நீந்தவும் தண்ணீர் பின்பக்கம் ஓடவும் இடம் வேண்டும். பெட்டியாக வாங்கினால், அடியில் எவ்வளவு பொடியும் சில்லும் வரும் என்று முன்பே கேளுங்கள். உங்களுக்கு வரப்போகும் துண்டுகளின் படத்தையே அனுப்பச் சொல்லலாம், நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

கேள்வி: தொட்டியைக் கலைப்பவர் ஒருவர் கல்லைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மீன்களுக்கு நோய் வந்தபோது இந்தக் கல் இருந்த தொட்டியில் செம்பு மருந்து விட்டாரா? விட்டிருந்தால் வேண்டாம். சுண்ணாம்புக்கல் செம்பை உள்ளே வாங்கிக்கொண்டு பிறகு விடும். மீனுக்குத் தாங்கும் அளவே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். தெரியவில்லை என்று சொன்னாலும் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: ஊதா நிறம் பூசி, ‘பாக்டீரியா உள்ளது’ என்று அதிக விலைக்கு விற்கும் செயற்கைக் கல் பணத்துக்குத் தகுமா?

பதில்: அழுகல் இல்லை என்பது உண்மையான லாபம், பிளீச் வேலை மிச்சம். நிறம் வெறும் நிறம்தான். உண்மையான ஊதாச் சுண்ணாம்புப் பாசி பிடிக்கச் சில மாதம் ஆகும், அதுவரை எந்தக் கல்லும் பழுப்பும் பச்சையுமாகத்தான் இருக்கும். ஒட்டியுள்ள பாக்டீரியா வேலை செய்கிறதா என்பதை மேலே சொன்ன 2 பிபிஎம் சோதனையே காட்டிவிடும், மீன் விடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

முதல் கேள்வி கேட்டவருக்கு இன்னொன்று. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘உடனே பயன்படுத்தலாம்’ என்ற அச்சு, பழுப்பு ஒட்டல், சோதனைக்குக் கல்லை ஊறவைத்த வாளித் தண்ணீரின் பாஸ்பேட் அளவு மூன்றையும் படமெடுத்து, ரசீதோடு கடைக்காரருக்கு எழுதுங்கள். பிளீச்சில் போட்ட பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது, அதனால் இந்த வாரமே செய்யுங்கள்.