ஐ.எஸ். (‘இஸ்லாமிய அரசு’ என்ற பயங்கரவாத அமைப்பு) சிரியா, இராக்கில் பிடித்த நிலத்தை இழந்த பிறகும் தாக்குதல் ஏன் நிற்கவில்லை? அரசுகள் என்ன செய்ய வேண்டும்?

ஐ.எஸ்.ஸுக்கு முன்னோடியான அல் கொய்தா 1988-இல் பாகிஸ்தானின் பெஷாவரில் உருவானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் வரை ஆள், பணம், திட்டம் எல்லாம் தலைமையின் கையில்தான். ஐ.எஸ். காலத்தில் இது மாறிவிட்டது. உள்ளூர்க் குழுவே குண்டு செய்து, விசுவாசம் கூறும் காணொளியை அனுப்பினால் போதும். அதனால்தான் நிலம் போனாலும் ஆபத்து போகவில்லை.

இலங்கையைப் பாருங்கள். சிரியாவில் ஐ.எஸ்.ஸின் கடைசி ஊரான பாகூஸ் 2019 மார்ச்சில் வீழ்ந்தது. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, மூன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள். இன்றும் நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

ஏனென்றால் இதைத் தடுத்திருக்கலாம். தாக்குதலை நடத்திய, ஐ.எஸ்.ஸுக்கு விசுவாசம் கூறிய உள்ளூர்க் குழுவின் தலைவர் சஹ்ரான் மீது அவருடைய ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே முன்பே போலீஸில் புகார் கொடுத்திருந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருள் சிக்கியது. ஏப்ரல் 4-ஆம் தேதி இந்திய உளவுத்துறை எச்சரித்தது. அந்தத் தகவல் மேசை மேசையாக நகர்ந்ததே தவிர, தேவாலய வாசலுக்கு ஒரு காவலரைக் கொண்டுவரவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தாக்குதலின்போது ஜனாதிபதியாக இருந்த சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது.

என்னைக் கேட்டால், புதுச் சட்டங்களைவிட அவசரம் இரண்டு: வந்த எச்சரிக்கை உரிய காவல் நிலையத்துக்கு அன்றே போக வேண்டும், புகார் கொடுக்கும் சமூகத்தைச் சந்தேகிக்காமல் காக்க வேண்டும். அங்கே நடந்தது நேர்மாறு. மே மாதமே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.