மணல் துகளுக்குள் 440 கோடி ஆண்டுகள்

கேள்வி: பூமியின் ஆரம்பகாலத்தைப் பார்த்தவர் யாருமில்லை. பிறகு எப்படி வயதெல்லாம் சொல்கிறார்கள்?

பதில்: கல்லைக் கேட்டுத்தான்! ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்கள் மணல் துகள் அளவுதான், ஆனால் அவற்றில் மிகப் பழையதற்கு வயது சுமார் 440 கோடி ஆண்டுகள். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக அண்டவே விடாது. அப்புறம் அந்த யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஈயமாகிறது, அதனால் இரண்டும் இப்போது எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தாலே வயது தெரிந்துவிடும். அதே படிகத்தின் ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (எடை மட்டும் வேறுபடும் ஆக்சிஜன் அணுவகைகள்), அப்போதே பூமியில் தண்ணீர் இருந்திருக்கலாம் என்கின்றன. எனக்குப் பெரிய பிரமிப்பே இதுதான்.

சரி, உயிர்? அதே நாட்டின் பில்பாராவில், நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக விட்டுப்போன ஸ்ட்ரோமட்டோலைட் பாறைகளுக்குச் சுமார் 348 கோடி வயது. முதல் உயிர் எப்படி வந்தது என்பதை ஆய்வகத்திலும் தேடுகிறார்கள். 1953-ல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர் எளிய வாயுக்களில் மின்பொறி பாய்ச்சி புரதங்களின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களையே உண்டாக்கிக் காட்டினார்.