பெல் பாட்டிஞ்சர் பத்தி கேட்டீங்க, சொல்றேன்

லண்டன்ல பெல் பாட்டிஞ்சர்னு ஒரு பெரிய பி.ஆர். கம்பெனி இருந்துச்சு, அதாவது காசு வாங்கிட்டு மத்தவங்க பேரை நல்லபடியா காட்டுற வேலை. லாபியிங்கும் பண்ணுவாங்க, அதாவது க்ளையன்ட்டுக்காக அரசாங்க ஆளுங்ககிட்ட பேசுறது. 2017-ல ஒரே சர்ச்சையில மூடிட்டாங்க. நான் வருஷக்கணக்கா அவங்களைப் பத்தி படிச்சுக்கிட்டு இருக்கேன், கேளுங்கன்னு சொன்னதும் நிறைய கேள்வி வந்துச்சு.

அக்கா, விளம்பர கம்பெனி மாதிரிதானே இதுவும்? அப்படி என்ன பெரிய தப்பு பண்ணிட முடியும்?

விளம்பரம்னா யாரோ காசு கொடுத்துப் போட்டதுன்னு பாக்கும்போதே தெரிஞ்சிடும் தம்பி. இங்க அது தெரியவே கூடாது, அதுக்குத்தான் காசே. யாரோ எழுதிக் கொடுத்தது ஒரு தலைவர் வாயில பேச்சா வரும், இல்ல தெருவுல மக்களோட சொந்தக் கோபம் மாதிரி வரும். இந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச டிம் பெல், 1979 பிரிட்டன் தேர்தல்ல கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் தாட்சருக்கு விளம்பர வேலை பாத்தவர், அதனால அந்தக் கட்சி ஆளுங்களோட இவங்களுக்கு நெருக்கம் இருந்துச்சு. பெலாரஸ் லுகாஷென்கோ அரசும் க்ளையன்ட், பஹ்ரைன் அரசும் க்ளையன்ட்.

தென்னாப்பிரிக்கா விவகாரம் என்னன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க மேடம்.

உத்தரப்பிரதேசம் சஹாரன்பூர்ல இருந்து 1993-ல அங்க போனவங்க குப்தா சகோதரர்கள். கம்ப்யூட்டர் வியாபாரத்துல ஆரம்பிச்சு சுரங்கம், பத்திரிகை, டிவி சேனல் வரைக்கும் வளர்ந்தாங்க. அப்ப ஜனாதிபதியா இருந்த ஜேக்கப் ஜூமாவோட மகனும் அவங்க பிசினஸ்ல இருந்தாரு, அமைச்சர் பதவியைக்கூட இவங்கதான் முடிவு பண்றாங்கன்னு ஊரெல்லாம் பேச ஆரம்பிச்சு, 2016-ல பெரிய பேங்குங்க இவங்க அக்கவுன்ட்டை மூடுற அளவுக்குப் போச்சு. அந்த வருஷ ஆரம்பத்துலதான் குப்தாக்களோட ஓக்பே கம்பெனிக்காக பெல் பாட்டிஞ்சர் உள்ள வந்தாங்க, மாசம் 1 லட்சம் பவுண்டு. 2017-ல குப்தாக்களோட ஈமெயில் எல்லாம் லீக் ஆச்சு. பொருளாதார அபார்தைடு, அதாவது சொத்து விஷயத்துல பழைய நிறவெறிப் பாகுபாடு, இன்னும் இருக்கு, அதை எப்படி மக்கள்கிட்ட கொண்டுபோறதுன்னு பெல் பாட்டிஞ்சர் ஆளுங்க ஜூமா மகன்கிட்ட லண்டன்ல இருந்து ஐடியா பேசியிருக்காங்க. நாட்டோட பணமெல்லாம் வெள்ளைக்காரங்க கையிலதான்னு சொல்ற "வெள்ளையர் ஏகபோக மூலதனம்"ங்கிற பேச்சு எல்லா இடத்துலயும் பரவுச்சு. குப்தாவைப் பத்தி எழுதின பத்திரிகைக்காரங்க எல்லாம் வெள்ளைக்கார முதலாளிக்கு வாலாட்டுறவங்கன்னு ட்விட்டர்ல போலி அக்கவுன்ட்டுங்க தாக்குச்சு. ஃபெரியல் ஹஃபாஜின்னு ஒரு பெண் ஆசிரியர், அவங்க முகத்தை வெட்டி ஒட்டி ஒரு பணக்காரர் மடியில உக்காந்த மாதிரி படம் போட்டாங்க. அந்தப் போலி அக்கவுன்ட்டுங்களை நாங்க நடத்தலன்னு கம்பெனி மறுத்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

ஆனா அங்க சொத்து பெரும்பாலும் வெள்ளைக்காரங்க கையிலதானே இருக்கு? அப்ப அவங்க சொன்னது உண்மைதானே?

உண்மைதான். எனக்கு வயிறு எரியறதே அதனாலதான். பொய் சொல்லியிருந்தா பொய்னு சொல்லி ஒதுக்கிடலாம். இது தலைமுறை தலைமுறையா அந்த ஜனங்க பட்ட நிஜமான காயம், அதை எடுத்து ஒரு பணக்காரக் குடும்பத்தோட ஊழலை மறைக்கிற திரையா மாட்டிட்டாங்க. அப்புறம் யாராவது நேர்மையா நிலம், கூலின்னு பேசினாகூட "நீ குப்தா ஆளா"ன்னு கேக்கிற நிலைமை வந்துடுச்சு. அந்த நஷ்டத்துக்கு யாரும் கணக்கு வைக்கல.

இலங்கைக்கும் இவங்களுக்கும் தொடர்பு உண்டுன்னு கேள்விப்பட்டேன், நெசமா?

நெசம். 2011-ல லண்டன் நிருபர்கள் சில பேர் உஸ்பெகிஸ்தான் அரசோட ஆளுங்க மாதிரி நடிச்சு இவங்க ஆபீசுக்குப் போய் ரகசியமா ரெக்கார்ட் பண்ணாங்க. அதுல கம்பெனியோட பெரிய ஆளு ஒருத்தர், போன வருஷம் ஐ.நா.வில இலங்கை ஜனாதிபதி பேசின பேச்சை நாங்கதான் எழுதினோம், நல்ல வரவேற்பு கிடைச்சுதுன்னு பெருமையா சொல்றாரு. 2010 செப்டம்பர்ல மகிந்த ராஜபக்ச பேசினது அது. அந்தப் பேச்சை எடுத்துப் படிச்சுப் பாருங்க. சர்வதேச மனிதாபிமானச் சட்டம் அரசுகளுக்கு இடையே நடக்கிற போரை மனசுல வச்சு வந்தது, பயங்கரவாதத்துக்கு அது பொருந்துமான்னு யோசிக்கணும்னு ஒரு இடம் வரும். முள்ளிவாய்க்கால் முடிஞ்சு ஒன்றரை வருஷம்கூட ஆகல. அந்தக் கடைசி மாசங்கள்ல 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழுவே அடுத்த வருஷம் சொன்னுச்சு. அந்த வரி யார் எழுதினதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா எழுதினோம்னு சொல்லிக்கிட்டவங்க குரல்ல துளி தயக்கம் இல்ல, எனக்கு அது மறக்கவே மாட்டேங்குது.

விக்கிபீடியாவை மாத்தினாங்கன்னு சொல்றாங்களே?

ஆமா, அதே 2011-ல வெளிய வந்தது. க்ளையன்ட் பக்கங்களைத் திருத்தின பல அக்கவுன்ட்டை விக்கிபீடியா முடக்குச்சு.

ஈராக் சிடி மேட்டர் என்ன அக்கா?

2007-லருந்து 2011 வரைக்கும் பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, ஈராக் பிரச்சார வேலைக்காக இவங்களுக்கு 50 கோடி டாலருக்கு மேல கொடுத்துச்சு, 2016-லதான் வெளிய வந்துச்சு. பாக்தாத் முகாம்ல வேலை பாத்த வீடியோ எடிட்டர் ஒருத்தர் சொன்னது இது: அல்கொய்தா எடுத்த மாதிரியே வீடியோ செஞ்சு சிடியில ஏத்திடுவாங்க, ராணுவம் ரெய்டுக்குப் போய் வீட்டைக் கலைச்சுப் போடுற நேரத்துல ஒண்ணை அங்க போட்டுட்டு வந்துடும். அந்த சிடியை இன்டர்நெட் இருக்கிற கம்ப்யூட்டர்ல போட்டா எந்த ஐ.பி. முகவரியில ஓடுதுன்னு தகவல் போயிடும். அப்படிப் பாத்தவன் எல்லாம் தீவிரவாதியா, இல்ல வீட்ல கிடந்த சிடியை என்னன்னு போட்டுப் பாத்த பையனா, யாருக்குத் தெரியும்.

கடைசியில கோர்ட்டு தண்டிச்சுதான் மூடினாங்களா?

இல்லப்பா. தென்னாப்பிரிக்காவோட எதிர்க்கட்சி, டெமாக்ரடிக் அலையன்ஸ், லண்டன்ல இருக்கிற பி.ஆர். சங்கத்துல புகார் கொடுத்துச்சு. ஜூலை 2017-ல தலைமை அதிகாரி மன்னிப்பு கேட்டு ஒரு பார்ட்னரை வேலையை விட்டு எடுத்தாரு, அது போதல. செப்டம்பர் 4-ம் தேதி சங்கம் குறைஞ்சது 5 வருஷத்துக்கு நீக்குச்சு. எச்.எஸ்.பி.சி. மாதிரி க்ளையன்ட்டுங்க வரிசையா கழண்டுக்கிட்டாங்க, 12-ம் தேதி திவால் நிர்வாகி கையில கம்பெனி. பிரிட்டன்ல 2014-ல வந்த லாபியிங் சட்டம், அமைச்சரையும் அரசுத் துறைகளோட தலைமைச் செயலாளர்களையும் க்ளையன்ட்டுக்காகத் தொடர்பு கொள்றவங்க பதிவு பண்ணணும்னுதான் சொல்லுது. வேற நாட்டுல போய் இனக்கோபத்தைக் கிளப்பினா அதுல ஒண்ணும் இல்ல.

நான் பி.ஆர். படிக்கிறேன், பயமா இருக்கு மேடம்.

பயப்படாதம்மா, நல்ல வேலை நிறைய இருக்கு. இன்டர்வியூவுலயே யாருக்காக வேலை செய்றோம்னு வெளிய சொல்லலாமான்னு கேட்டுடு. சொல்லக்கூடாதுன்னா ஏன்னு கேளு.

குப்தாக்கள் என்ன ஆனாங்க?

ஜூமா 2018 பிப்ரவரியில ராஜினாமா பண்ணாரு. குப்தாக்கள் நாட்டை விட்டுப் போயிட்டாங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரை 2022 ஜூன்ல துபாய்ல பிடிச்சாங்க, ஆனா 2023-ல அங்க இருக்கிற கோர்ட்டு தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்ப முடியாதுன்னு சொல்லிடுச்சு.