வெறுப்போடு காவடி எடுக்கலாமா?

மொரீசியஸின் காத்ர் போர்ன் நகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பிரான்சில் படிக்கும் மகன் நன்றாக இருக்க வேண்டும் என்று தைப்பூசத்தில் பால் சொம்பு எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். ஆனால், நிலத்தைப் பிரித்தபோது எங்களை ஏமாற்றிய நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாலே மனம் கொதிக்கிறது. விருப்பு வெறுப்பு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது என்கிறார்கள். பால் திரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எடுக்கலாமா?"

எடுங்கள், அம்மா. தயங்காமல் எடுங்கள்.

கோவிலில் நேர்ந்துகொள்வதையும் வேண்டுதல் என்கிறோம், ஆசைப்படுவதையும் வேண்டுதல் என்கிறோம். வள்ளுவர் நான்காம் குறளில் இறைவனை "வேண்டுதல் வேண்டாமை இலான்", அதாவது விருப்பும் வெறுப்பும் இல்லாதவன், என்கிறார். அவன் அடி சேர்ந்தவர்களுக்கு எங்கும் துன்பம் இல்லை என்பதுதான் அந்தக் குறளின் செய்தி. சேர வருகிறவர்களும் விருப்பு வெறுப்பை முன்பே தொலைத்துவிட்டு வர வேண்டும் என்று அதில் இல்லை. உங்களைத் தடுத்தவர்கள், கருவறையில் கிடைக்க வேண்டியதை வாசலிலேயே கேட்கிறார்கள்.

காவடியின் கதையையே நினைத்துப் பாருங்கள். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தோளில் சுமந்து வந்த இடும்பன், இளைப்பாறப் பழனியில் இறக்கிவைத்தான். மறுபடி தூக்க முடியவில்லை. மலைமேல் நின்ற சிறுவன்மீது சினந்து பாய்ந்தான், மாண்டான், அருளால் எழுந்தான். இன்று அவன்தான் அந்த மலைக்குக் காவல். முதல் காவடியைச் சுமந்தவனே முருகனோடு சண்டையிட்டவன்! சூரபன்மனையும் முருகன் ஒழித்துவிடவில்லை. மயிலாகவும் சேவலாகவும் தன்னோடு வைத்துக்கொண்டான். உங்கள் கோபத்தைக் கண்டு அவன் முகம் திருப்ப மாட்டான்.

ஆனால் அந்தக் கோபத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டியது உங்கள் வேலை. அந்த நிலம் உங்களுக்கு வேண்டாததாக இருந்திருந்தால், நாத்தனாரும் வேண்டாதவர் ஆகியிருக்க மாட்டார். கீதை மூன்றாம் அத்தியாயத்தில் (34) கண்ணன், புலன்கள் பொருள்களைத் தொடும் இடத்திலெல்லாம் விருப்பும் வெறுப்பும் நிற்கின்றன என்கிறான். அவை எழவே கூடாது என்று அவன் சொல்லவில்லை; அவற்றின் வசப்படாதே என்கிறான். உங்கள் பங்கு நியாயமானது என்றால் நோட்டரியிடம் போய்ப் பேசுங்கள். பக்தி அதற்குத் தடை இல்லை. விரதம் இருக்கும் பத்து நாளும் அந்த வழக்கை அடுப்படியில் நடத்தாமல் இருந்தால் போதும். அவர் பெயர் மனத்தில் எழும்போது "சரவணபவ" என்று சொல்லிக் கையிலுள்ள வேலையைத் தொடருங்கள். பலமுறை தோற்பீர்கள். பரவாயில்லை.

மகன் மேல் உள்ள பாசத்தைப் பற்று என்று யாராவது குறை சொன்னால் கலங்காதீர்கள். "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்ற குறள், பற்றை விடுவதற்கே இன்னொரு பற்றைப் பிடிக்கச் சொல்கிறது. வெறுங்கையோடு நின்று பற்றை விட்டவர் யாரும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பெரியபுராணத்தில் சேக்கிழார் அடியார்களை "ஓடும் செம்பொனும் ஒக்கவே நோக்குவார்" என்கிறார். மண் ஓடும் பொன்னும் அவர்களுக்கு ஒன்றுதான். ஆனால் கும்பிடும் அன்பை மட்டும் அவர்கள் விடவில்லை, அதற்காக வீடுபேற்றையே வேண்டாம் என்றார்கள். ஆகவே மகன் பெயரைச் சொல்லி மனமார வேண்டுங்கள். இன்ன தேர்வு, இன்ன வேலை, இன்ன தேதிக்குள் என்று முருகனுக்குப் பட்டியல் போட வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டு அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.

பாலைப் பற்றி: திரியாமல் கோவில் சேரும் பாலை அருளின் அடையாளமாக நம் மக்கள் போற்றுவது எனக்கும் பிடித்தமானதே. ஆனால் உங்கள் ஊரில் தைப்பூசம் கொளுத்தும் கோடையில் வருகிறது. சொம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், அன்றைய புதுப்பாலை ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் திரிந்தால் அது வெயிலின் வேலை. உங்கள் மனத்துக்கு எழுதிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது நாத்தனாரும் பந்தியில் இருப்பார். மன்னித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். அது இன்னும் உண்மையாகவில்லை. அவர் இலையில் சோறு குறைந்திருந்தால், அவர் கேட்பதற்கு முன்பே நீங்களே போய் வையுங்கள்.