ஊருணிப் பழக்கமும் ஆழ்கடல் மூச்சும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 38. கானாடுகாத்தானுக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்து, ஊருணியிலும் கண்மாயிலும் நீந்திப் பழகியவன். முங்கி அடிமண்ணை அள்ளி வரும் பந்தயத்தில் சிறுவயதில் என்னை வென்றவர் இல்லை. வரும் ஜனவரியில் குடும்பத்துடன் அந்தமான் செல்கிறோம். அங்கே ஸ்கூபா டைவிங் செய்ய ஆசை. நன்றாக மூச்சடக்கத் தெரிந்த எனக்கும் பயிற்சி தேவைப்படுமா?
– காரைக்குடி வாசகர்

பதில்: தேவைப்படும். சொல்லப்போனால், நீங்கள் பெருமையோடு குறிப்பிடும் அந்த மூச்சடக்கும் பழக்கத்தைத்தான் முதலில் கரையில் விட்டுவிட்டு இறங்க வேண்டும்.

முத்துக்குளிப்பவரும் சங்கு குளிப்பவரும் மேலே இழுத்த மூச்சோடுதான் இறங்குவார்கள். ஆழத்தில் அந்தக் காற்று அழுந்திச் சுருங்கும். திரும்ப மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும், அதற்கு மேல் போகாது. முதுகில் காற்று சிலிண்டரைச் சுமந்து, நீருக்கடியிலேயே மூச்சுவிடும் ஸ்கூபாவில் அப்படியில்லை. வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர், நீங்கள் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு. அங்கே 3 லிட்டர் காற்றை இழுத்து, ஊருணிப் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அது 6 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது. நெஞ்சு நிறையக் காற்றை அடக்கியவருக்கு ஒன்றேகால் மீட்டர் உயர்வதே ஆபத்தாகலாம் என்பதால், நீச்சல் குளத்தில் நடக்கும் பயிற்சியிலும் மூச்சை அடக்கக் கூடாது என்ற விதிக்கு விலக்கு இல்லை. மூச்சை ஒருபோதும் நிறுத்தாமல், நிதானமாக இழுத்து, நிதானமாக விட்டுக்கொண்டே இருப்பதுதான் ஸ்கூபாவின் முதல் பாடம்.

முதுகில் சுமப்பதைப் பலரும் ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்கிறார்கள். உண்மையில் அதில் இருப்பது வடிகட்டி, ஈரம் நீக்கி, சுமார் 200 பார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 200 மடங்கு) அழுத்தத்தில் அடைத்த சாதாரணக் காற்றுதான். தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே சென்றால், அதுவே நஞ்சாகிவிடும்.

அடுத்தது காது. ஊருணியின் அடிமண்ணைத் தொடும்போது காதுக்குள் ‘விண்’ணென்று வலித்தது உங்களுக்கு நினைவிருக்கும்; அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பீர்கள். கடலில் அப்படிப் பொறுக்கக் கூடாது. அழுத்தம் இரட்டிப்பாவது முதல் 10 மீட்டருக்குள்ளேயே என்பதால், காதுக்கு அதிகச் சோதனையும் அங்கேதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மென்மையாக மூக்கின் வழியே ஊதினால் செவிப்பறையின் இருபுறமும் அழுத்தம் சமமாகும். வலி வந்த பிறகு ஊதுவதைவிட, ஓரிரு அடி இறங்கும்போதெல்லாம் முன்கூட்டியே ஊதிக்கொண்டு போக வேண்டும். அடைப்பு விடவில்லையென்றால் சற்று மேலேறி மறுபடி முயல வேண்டும். அப்போதும் விடாவிட்டால் அன்றைய முயற்சியைக் கைவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தமானில் முதன்முறையாக இறங்குவோருக்குப் பெரும்பாலும் அறிமுக முக்குளிப்புத்தான் கிடைக்கும். கரையில் சிறிய விளக்கமும், இடுப்பளவு நீரில் கொஞ்சம் பழக்கமும் முடிந்தபின், பயிற்சியாளர் உங்களைக் கைக்கெட்டும் தொலைவிலேயே வைத்து அழைத்துச் செல்வார். இதற்கான உச்ச ஆழம் 12 மீட்டர். முகக்கண்ணாடிக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவதையும், வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைத் தேடி எடுத்துக் கவ்வுவதையும் ஆழமில்லாத நீரிலேயே அவசரமின்றிப் பழகிக்கொள்ளுங்கள். சைகைகளையும் கவனமாகக் கேளுங்கள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் நம் ஊரில் ‘எல்லாம் சரி’ என்று பொருள். நீருக்கடியில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று பொருள். மகிழ்ச்சியில் அதைக் காட்டிவிட்டு, பாதியிலேயே மேலே கொண்டுவரப்பட்டு விழிப்பவர்கள் உண்டு. ‘சரி’ என்பதற்குக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

பயணத் திட்டத்தில் ஒன்றை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்: டைவிங்கைக் கடைசி நாளுக்கு ஒதுக்காதீர்கள். அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற நேரம் வேண்டும். விமானத்தில் காற்றழுத்தம் குறைவதால், அந்த நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழ்களாகத் திரளக்கூடும். ஒரே முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும்.

அறிமுகத்தோடு நிற்காமல் முறையாகக் கற்க விரும்பினால், 18 மீட்டர் வரை செல்லத் தகுதி தரும் ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சி மூன்று நான்கு நாட்களில் முடியும். இடைவிடாமல் 200 மீட்டர் நீந்துவதும், 10 நிமிடம் மிதப்பதும் அதில் சோதிக்கப்படும். உங்கள் கண்மாய் நீச்சல் அங்கே கைகொடுக்கும். பல்லவன் ரயிலில் விழுப்புரத்தில் இறங்கி, பாண்டிச்சேரி சென்று கற்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கலங்கியிருக்கும் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் தொண்டியை விட்டுவிட்டு அவ்வளவு தூரமா என்று கேட்பீர்கள். அங்குள்ள பாக் விரிகுடா ஆழம் குறைந்த, எளிதில் கலங்கும் கடல். அதன் கடற்புல் வெளிகள் ஆவுளியா எனும் கடற்பசுக்களுக்கு வரம். கற்றுக்கொள்பவருக்கோ தெளிந்த நீர் வேண்டும்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது; கண்ணாடி அணிபவள்; அடிக்கடி சைனஸ் தொல்லையும் உண்டு. மகள் என்னையும் உடன் இறங்கச் சொல்கிறாள். இறங்கலாமா?
– தேவகோட்டை வாசகி

பதில்: அறிமுக முக்குளிப்புக்கு நீச்சல் கட்டாயமில்லை. பவர் வைத்த முகக்கண்ணாடிகளும் கிடைக்கின்றன, முன்கூட்டியே கேட்டுவையுங்கள். நீருக்கடியில் பொருள்கள் சற்றுப் பெரிதாகவும் அருகிலும் தெரியும் என்பதால், குறைவான பார்வைக் குறையுள்ளவர்கள் கண்ணாடியின்றியே சமாளித்துவிடுவதும் உண்டு.

ஆனால் சைனஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மூக்கடைப்பு இருக்கும் நாளில் காதில் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது. மாத்திரை போட்டு அடைப்பை நீக்கிக்கொண்டு இறங்குவதும் சரியல்ல. மருந்தின் வேகம் ஆழத்தில் தணிந்துவிட்டால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியின்றிக் கடும் வலி உண்டாகும். புறப்படும் முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். டைவிங் மையத்தில் தரப்படும் உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு என எது இருந்தாலும் மறைக்காமல் எழுத வேண்டும். பணம் கட்டியாயிற்றே என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ எனக் குறிப்பவர்கள் தங்கள் உயிரோடுதான் விளையாடுகிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. அவனும் கடலில் ஸ்கூபா செய்யலாமா?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: பத்து வயது ஆகட்டும். அதுவரை முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு, உயிர்காப்புச் சட்டையோடு, உங்கள் கைப்பிடியில் மேற்பரப்பில் மிதந்தபடியே மீன்களைப் பார்க்கட்டும்.