கல்லூரி வானொலியைப் படிப்புக்குப் பயன்படுத்துவது எப்படி? கேள்வி பதில்

கல்லூரி வளாகத்தில் இயங்கும் ஒரு சமுதாய வானொலியில், அதாவது சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தப்படும் சிறிய எஃப்.எம். நிலையத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாக நிகழ்ச்சி தயாரிக்கிறேன். கல்வி வானொலி பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளுக்கு, என் அனுபவத்திலிருந்து பதில்கள்.

அக்கா, யூடியூப்பில் படத்தோடு பாடம் கிடைக்கிறது. அப்புறம் எதற்கு வானொலி? (இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

மின்சுற்று வரைபடம் புரிய வேண்டுமென்றால் வீடியோவையே பாருங்கள் தம்பி. ஆனால் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போதும், விடுதியில் துணி துவைக்கும்போதும் திரையைப் பார்க்க முடியாது. காது அப்போது சும்மாதான் இருக்கிறது. எஃப்.எம். கேட்க டேட்டா வேண்டாம். ரீசார்ஜ் தீர்ந்துபோன பிள்ளைக்கும் அதே பாடம் கிடைக்கும். இன்னொன்று, யூடியூப்பில் பேசுபவருக்கு உங்கள் செமஸ்டர் தேர்வு அடுத்த வாரம் என்று தெரியாது. உங்கள் வளாக வானொலியில் பேசுபவருக்குத் தெரியும்.

மேடம், எங்கள் துறையில் 45 நிமிட விரிவுரைகளைப் பதிவு செய்து ஒலிபரப்பினோம். பிள்ளைகள் கேட்பதே இல்லை. எங்கே தவறு? (உதவிப் பேராசிரியர், வணிகவியல்)

வகுப்பில் நடத்தியதை அப்படியே ஒலிபரப்பியதுதான் சார். முதல் வருடம் நாங்களும் இதையே செய்தோம். தேய்மானம் பற்றிய பாடம் அது. கேட்ட ஒரு மாணவி மறுநாள் வந்து, "அந்த மூன்றாவது வரியில் உள்ள தொகை எங்கே போகிறது?" என்றாள். எந்த மூன்றாவது வரி என்று எங்களுக்கே தெரியவில்லை. அது கரும்பலகையில் இருந்திருக்கிறது.

அதன்பிறகு அதே பாடத்தை ஓர் ஆட்டோ ஓட்டுநரோடு பேசித் தயாரித்தோம். வாங்கி மூன்று வருடமான வண்டியை இன்று விற்றால் எவ்வளவு குறையும், முதல் வருடத்தில் ஏன் அதிகம் குறைகிறது என்று மாணவர்கள் கேட்டார்கள், அவர் சொன்னார். எட்டு நிமிடம். கடைசி இரண்டு நிமிடம் பேராசிரியர் வந்து, முதலில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் மதிப்பு இறங்கும் என்று அவர் சொன்னதுதான் குறைந்து செல் மதிப்பு முறை, ஆண்டுதோறும் ஒரே தொகை குறைந்தால் அது நேர்கோட்டு முறை என்று விளக்கினார். அந்தப் பத்து நிமிடத்தைத் திரும்பப் போடச் சொல்லி மாணவர்களே கேட்டார்கள்.

இன்னொரு உத்தியும் சொல்கிறேன். 1970களில் நிகரகுவாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானொலியில் கணிதம் கற்பித்தார்கள். குரல் ஒரு கேள்வி கேட்கும், சில விநாடி நிறுத்தும். பிள்ளைகள் உரக்கப் பதில் சொல்வார்கள். பிறகு குரல் சரியான விடையைச் சொல்லும். கல்லூரிப் பாடத்துக்கும் இது பொருந்தும். ஐந்து விநாடி இடைவெளி விடுங்கள். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது யுகம் போலத் தோன்றும், பயந்துபோய் எடிட்டிங்கில் வெட்டிவிடாதீர்கள். கேட்பவருக்கு யோசிக்க அந்த நேரம் வேண்டும்.

கேட்க ஆரம்பித்த பத்தாவது நிமிடம் தூக்கம் வருகிறது. கேட்டதும் மறந்துவிடுகிறது. (முதலாண்டு, வரலாறு)

கேட்பதற்கு முன்பே அந்தத் தலைப்பில் உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேள்வியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விடை வருகிறதா என்று காத்திருக்கும்போது தூக்கம் வராது. நடுவில் குறிப்பெடுக்க வேண்டாம், எழுதுகிற அவசரத்தில் அடுத்த வாக்கியம் போய்விடும். முடிந்தவுடன் நினைவிலிருந்து ஐந்து வரி எழுதுங்கள்.

முடிந்தால் தனியாகக் கேட்காதீர்கள். நீங்கள் வரலாறு படிப்பதால் சொல்கிறேன்: 1956இல் அகில இந்திய வானொலி யுனெஸ்கோ உதவியோடு புனே நிலையத்திலிருந்து உழவர்களுக்கு நிகழ்ச்சி நடத்தியது. சுமார் 150 கிராமங்களில் மக்கள் குழுவாக உட்கார்ந்து கேட்டார்கள், விவாதித்தார்கள், சந்தேகங்களை நிலையத்துக்கே எழுதி அனுப்பினார்கள். விடுதி அறையில் நாலு பேர் சேர்ந்தால் இதையே செய்யலாம்.

எங்கள் விடுதியில் சிக்னல் கரகரவென்று இருக்கிறது. (மாணவி, கணிதம்)

சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன், அதாவது சிக்னலை வெளியே அனுப்பும் வலு, பொதுவாக 100 வாட்தான். ஆண்டெனா உயரத்துக்கும் 30 மீட்டர் என்ற வரம்பு உண்டு. அதனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டினாலே பெரிது. நடுவில் உயரமான கட்டடம் இருந்தால் அதுவும் குறையும்.

ஃபோனில் கேட்பதானால் வயர் உள்ள இயர்ஃபோனை மாட்டுங்கள். அந்த வயர்தான் ஆண்டெனா. சமுதாய வானொலிகள் பல ஒலிக்கும் 90.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 3.3 மீட்டர். ஆண்டெனா அதில் கால்பங்கு, அதாவது 83 சென்டிமீட்டர், இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கும். இயர்ஃபோன் வயர் பெரும்பாலும் அதைவிடச் சற்று நீளமாகவே இருக்கும், அதனால் இந்த வேலைக்குப் போதும். சுருட்டி வைக்காமல் நேராகத் தொங்கவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து பாருங்கள். ப்ளூடூத் இயர்ஃபோன் இந்த வேலைக்கு உதவாது.

வளாக வானொலியில் நாங்களே செய்தி வாசிக்கலாமா? (இதழியல் மாணவர்)

சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்பு செய்யலாம். அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி தொடங்க அரசு வழிவிட்டது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. இவ்வளவு தூரம் வந்தும் செய்திக்குக் கதவு திறக்காதது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் தேர்வு முடிவு, சேர்க்கை, வேலைவாய்ப்பு, வானிலை, குடிநீர் விநியோகம் போன்ற தகவல்கள் செய்திக் கணக்கில் வராது. இவற்றை நேர்த்தியாகத் திரட்டிச் சொல்லப் பழகினாலே நல்ல செய்தியாளருக்கான பயிற்சி கிடைத்துவிடும்.

என் மகள் எப்போதும் வானொலி நிலையத்திலேயே இருக்கிறாள். படிப்பு கெடாதா? (ஒரு தாய்)

உங்கள் கவலை நியாயமானது அம்மா. அளவு தாண்டினால் கெடும். எங்கள் நிலையத்தில் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே மாணவர்களை அனுப்பிவிடுவோம். மற்ற நாட்களில் பயப்படாதீர்கள். டெங்கு பற்றிப் பத்து நிமிடம் பேச ஒரு மாணவி நுண்ணுயிரியல் பாடத்தில் மூன்று அத்தியாயம் படித்துவிட்டு, மருத்துவரிடமும் பேசிவிட்டு வருவாள். கேட்கிறவர்களைவிட அவள்தான் அதிகம் கற்கிறாள்.

அக்கா, நான் கிராமத்துப் பையன். பேச்சில் ஊர் வாசனை அடிக்கும். மைக் முன் போகவே கூச்சமாக இருக்கிறது. (முதலாண்டு, தாவரவியல்)

சமுதாய வானொலி உங்கள் பேச்சுக்காகவே வந்தது தம்பி. ழகரம், ளகரம் தெளிவாக வரட்டும், ஊர் வழக்கை மாற்றாதீர்கள். நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள், மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

முதலில் உங்கள் வயலோரம் வளரும் ஒரு செடியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது, இது என் குரலா என்று இருக்கும். நம் குரலை நாம் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறோம், அதனால் நமக்கு அது கனமாக ஒலிக்கும். பதிவில் அந்தக் கனம் இருக்காது. எல்லோருக்கும் இப்படித்தான். அந்தப் பதிவை அழிக்காமல் எடுத்துக்கொண்டு உங்கள் நிலையத்துக்குப் போங்கள்.