அப்பாவுக்கு ஆஞ்சியோ மேசையிலேயே ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார்கள், சம்மதிக்கலாமா?

உங்கள் அப்பாவுக்கும் சர்க்கரை இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஏனென்றால் என் அப்பாவுக்கு இருந்தது, இருபது வருடச் சர்க்கரை. மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஆஞ்சியோவுக்குச் சேர்த்தோம். அரை மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, இதயத்துக்கு ரத்தம் போகும் மூன்று குழாயிலும் அடைப்பு, இப்போதே ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பி வலை) வைத்துவிடலாம், பத்து நிமிடத்தில் சொல்லுங்கள் என்றார். அப்பா உள்ளே மேசையில் படுத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் என்னத்தை யோசிப்பது?

வேண்டாம், வெளியே கூட்டி வாருங்கள் என்றேன். அதற்காகச் சித்தப்பா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆஞ்சியோ படம் பதிவான சிடியை வாங்கிப்போய் வேறொரு இதய மருத்துவரிடமும் அறுவை மருத்துவரிடமும் காட்டினோம். சர்க்கரையும் மூன்று குழாய் அடைப்பும் சேர்ந்தால் பைபாஸ்தான் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். 2012-இல் வந்த ஃப்ரீடம் ஆய்விலும் அப்படிப்பட்டவர்களில் ஸ்டென்ட் வைத்தவர்களைவிடப் பைபாஸ் செய்தவர்களுக்கு இறப்பும் மாரடைப்பும் குறைவு, பக்கவாதம் மட்டும் சற்று அதிகம். அப்பாவுக்குப் பைபாஸ் ஆகி ஆறு வருடம், இப்போது மாடி ஏறுகிறார்.

உடனே ஸ்டென்டுக்கு எதிரி என்று என்மேல் பாயாதீர்கள். மாரடைப்பு வந்துவிட்டால் யோசிக்கவே கூடாது, நிமிடத்துக்கு நிமிடம் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும், குழாயை உடனே திறந்தாக வேண்டும். நான் சொல்வது நடந்தால் மட்டும் வலிக்கிறவர்களுக்கு. இடது பக்கப் பிரதானக் குழாயில் அடைப்பில்லாமல், இதயத்தின் பம்பிங்கும் நன்றாக இருந்தால், மாத்திரையோடு தொடங்கலாமா என்றுகூடக் கேளுங்கள். 5179 பேரை வைத்துச் செய்த இஸ்கீமியா ஆய்வில் முதலில் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களுக்கும், தொடக்கத்திலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும் இறப்பிலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. நெஞ்சு வலி குறைவதில்தான் வித்தியாசம் இருந்தது.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பைபாஸுக்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போனபோது, "வீட்டில் ஆண்கள் யாரும் வரவில்லையா?" என்று கேட்டார்கள். நான் அவருடைய மூத்த மகள், 41 வயது, ஆசிரியை. ஸ்டென்ட் வேண்டாம் என்று முடிவெடுத்ததும், கடன் வாங்கிப் பணம் கட்டியதும், ஐ.சி.யூ. வாசலில் நான்கு ராத்திரி உட்கார்ந்திருந்ததும் நான். அந்தப் படிவத்தில் சித்தப்பாவின் கையெழுத்துதான் இருக்கிறது.